இடக்கை முடிச்சு

அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் அறைக்கு யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் நாள் காலையில் பசையாரிடம் அரைமணி நேரம் பாடம் கேட்டாக வேண்டும். பசையார் என்பது அவருடைய பெயர் அல்ல. இருபத்தேழு வருடமாகப் பசையும் கையுமாக உட்கார்ந்து உடைந்த பானைகளையும் பிய்ந்த கூடைகளையும் ஒட்டிக்கொண்டிருந்ததில், சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அரைமணி நேரப் பாடத்தின் சாரம் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன் அட்டையில் எழுத வேண்டும். என்ன செய்தாய், எதனால் செய்தாய், என்றைக்குச் செய்தாய், யார் நீ. "அட்டையில ஏறாத தையல் திருட்டுத் தையல். புரியுதா?" என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் உடனே பென்சிலைத் தேடுவார்கள்.

இவ்வளவு கறாராகப் பேச அந்த மனுஷனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. ஏனென்றால் மூன்றாவது மாடியில், சடங்குப் பொருள்கள் வைக்கும் அலமாரியின் கடைசி இழுப்பறையில், அவருடைய சொந்தத் திருட்டு வேலை ஒன்று சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு ராஜ மரியாதையோடு படுத்திருந்தது.

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஆற்றங்கரைக்காரர்களின் நார்ப்பைகள் பதினொன்றையும் தூசி தட்டும் வேலை அவருக்கு வந்தது. மரப்பட்டையை ஊறவைத்து, நார் உரித்து, தொடையில் வைத்துத் திரித்து, கண்ணி கண்ணியாக நெருக்கி முடிந்த பைகள். அவர் வேலைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே யாரோ போய் வாங்கி வந்தவை. வாங்கியவர் பட்டியலில் "நார்ப்பை, பதினொன்று" என்று எழுதியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். யார் முடிந்தது, யாரிடம் வாங்கியது, ஒரு வரி இல்லை. படமும் எடுக்கவில்லை.

பசையாருக்கு அப்போது கல்யாணமாகி நாற்பது நாள். தலை நிறைய முடி இருந்தது. அறையில் யாருமில்லை. ஏழாவது பையைத் துடைத்து முடித்ததும், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். நமக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அத்தோடு விட்டிருக்கலாம். பையின் வாய் எப்படி மூடுகிறது என்று பார்க்க வாய்க்கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். காய்ந்த கயிறு, பட்டென்று அறுந்து கையோடு வந்தது.

வெளியே காலடிச் சத்தம். பயத்தில் அவருடைய கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அவருடைய அப்பா தானியக் கடை வைத்திருந்தவர். மூட்டை கட்டுவதில் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். இரண்டு சுற்று, ஒரு வளையம், வாலை உள்ளே திணித்து ஓர் அழுத்து. பசையார் இடக்கைக்காரர் என்பதால் எல்லாம் தலைகீழாக விழும். அறுந்த கயிற்றை வைத்துப் பையின் வாயை அப்படியே கட்டிப் போட்டார். காலடிச் சத்தம் தேநீர் கொண்டுவந்தவருடையது. அவர் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அட்டையில் எழுதத்தான் பென்சிலைத் தேடினார். சத்தியமாகத் தேடினார். சட்டைப்பையில் இருந்த, நுனி கடித்த பென்சிலைக் காணவில்லை. சரி, நாளைக்கு எழுதலாம் என்று வைத்தார். அந்த நாளைக்கு இருபத்தேழு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

அதுவும் அப்படியே கிடந்து மக்கியிருக்கும். ஆனால் ஆறு வருடம் முன்னால் முனைவரம்மா வந்து சேர்ந்தார். முடிச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். பார்க்கிற இடமெல்லாம் முடிச்சாகத்தான் தெரியும். பதினொரு பைகளில் ஒன்று மட்டும் வாய் கட்டியிருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"சார், இந்த முடிச்சைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அதுதான் சந்தர்ப்பம். தங்கத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய சந்தர்ப்பம். பசையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், தொண்டையைச் செருமினார்.

"ரொம்பப் பழசும்மா," என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்து முனைவரம்மா நாற்பத்து மூன்று பக்கம் எழுதினார். முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியிருப்பது, செத்தவர்கள் போகும் திசை. இரண்டு சுற்று, இரண்டு உலகம். வெளியிலிருந்து விரலால் தொட்டுப் பார்த்ததில் பைக்குள்ளே மெல்லிய கோல் ஒன்று தட்டுப்படுகிறது. அது சடங்குக் கோல், அதற்குத் தனியாக ஏழு பக்கம். நன்றியுரையில் பசையாரின் முழுப்பெயரும் இருந்தது, பட்டத்தோடு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அந்தப் பெயர் அச்சில் வந்தது அதுவே முதல் தடவை. அவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பை, புழங்கு பொருள்களின் அலமாரியிலிருந்து சடங்குப் பொருள்களின் அலமாரிக்கு மாறியது. முடிச்சின் படம் வாசல் கடையில் விற்கிற துணிப்பைகளில் ஏறியது. ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று இலவசம். அவர் மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டு மாவுப் பொட்டல முடிச்சு மாதிரியே இருக்கே."

"முடிச்சுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எங்கம்மா வீட்ல இருக்காது. இந்த வீட்லதான் ஒரு பொட்டலத்தைக்கூட என்னால அவுக்க முடியறதில்ல. எதுக்கெடுத்தாலும் கட்டின மகராசன் வந்துதான் அவுக்கணும்," என்றார் மனைவி. சொல்லிவிட்டு அந்தத் துணிப்பையில் வெங்காயம் போட்டுக் கொண்டுபோய் வைத்தார்.

பசையாருக்கு அதன்பிறகு வெங்காயம் எடுக்கப் போகும்போதெல்லாம் யாரோ பார்ப்பது போலவே இருந்தது.

ஆற்றங்கரைக்காரர்களோடு அருங்காட்சியகம் ஒப்பந்தம் போட்டது போன வருடம். அதன்படி, குடும்பத்தார் நேரில் வந்து இது எங்கள் வீட்டுப் பை என்று அடையாளம் காட்டினால் எடுத்துப் போகலாம். வாய் கட்டிய பைகளை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அவர்கள் வழக்கம் அப்படி. வீட்டில் பெண் செத்தால் அவளுடைய பையைப் புருஷன் கட்டுவான். ஆளுக்கு ஆள் முடிச்சு வேறு, ஒருவர் முடிச்சை இன்னொருவர் போடுவதில்லை. கட்டியவர் கையாலேயே அவிழ்த்தால்தான் உண்டு. கட்டியவரும் போய்விட்டால் பை காலத்துக்கும் மூடியே கிடக்கும்.

முதலில் வந்தது, ஊரில் இன்னும் நார் திரிக்கிற ஒரு நார்க்காரம்மா. வயது அறுபதுக்குப் பக்கத்தில். ராத்திரி பஸ் ஏறி, காலையில் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தார். கூடவே அவருடைய மருமகள். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும் பஸ். மூன்றாம் மாடி மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இயக்குநர் ஒரு பக்கமும் முனைவரம்மா ஒரு பக்கமுமாக நின்றார்கள். பசையார் கையுறை மாட்டிக்கொண்டு பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"எனக்குப் பன்னெண்டு வயசுல அம்மா செத்துப் போச்சு," என்றார் நார்க்காரம்மா. "அப்பாவைப் பையைக் கட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க. கட்டினா அவ போயிட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும், கட்ட மாட்டேன்னுட்டாரு. ஒரு வருஷம் அப்படியே ஆணியில தொங்குச்சு. அப்புறம் பை வாங்க உங்க ஆளுங்க வந்தாங்க. நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா ஆணிதான் இருந்துச்சு."

"அடையாளம் எப்படிம்மா தெரியும்?" என்று இயக்குநர் கேட்டார்.

"உள்ளே கையை விட்டு அடியைப் புரட்டிப் பாக்கணும் சார், வெளியில தெரியாது. முதல் சுத்துல அம்மாவுக்கு மூணாவது கண்ணி எப்பவும் விட்டுப் போயிரும். எங்க பெரியம்மா எல்லாம் கேலி பண்ணுவாங்க. திருத்தவே மாட்டா. போட்டது போட்டதுதான்னுடுவா."

முதல் பையைப் புரட்டினார். அடிச்சுற்றில் விரலை வைத்து எண்ணினார். இல்லை. இரண்டாவது, இல்லை. எட்டாவது பைக்கு வரும்போது மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அத்தையின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பசையார் தெரிந்த தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டார். ஒன்பதாவதாக இருக்கட்டும், பத்தாவதாக இருக்கட்டும். பத்தாவதும் இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் இயக்குநர், தயங்கி. "ஆனா அது வாய் கட்டின பை."

இழுப்பறையைத் திறந்தது முனைவரம்மா. பசையார் நின்ற இடத்திலேயே கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பையை மேசையில் வைத்ததும் நார்க்காரம்மா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். தொடாமலே குனிந்து நாரின் நிறத்தைப் பார்த்தார், தோள்வாரின் பின்னலைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"வார் அம்மா பின்னின மாதிரிதான் இருக்கு." பிறகு முடிச்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது இடது கைக்காரர் போட்டது. எங்கப்பா வலது கை. அப்பா கட்டவும் இல்ல."

"அப்போ வேற யாரு அத்தே கட்டினது?" என்று மருமகள் கேட்டாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான் கேள்வியின் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. புருஷன் கட்ட வேண்டிய பையைப் புருஷன் அல்லாத ஒருவன் கட்டியிருக்கிறான்.

நார்க்காரம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்போ இது எங்கம்மாது இல்ல," என்றார் மெதுவாக. "எங்கம்மா அப்படிப்பட்டவ இல்ல. வா, போலாம். நேரத்தோட போனா பஸ்ல உக்கார இடமாவது கிடைக்கும்." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்துவிட்டார்.

ஒரு கயிறு அறுந்ததை மறைக்கப் போட்ட முடிச்சு. அது முதலில் சடங்காயிற்று, பிறகு நாற்பத்து மூன்று பக்கமாயிற்று, துணிப்பையாயிற்று. இதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அது செத்துப்போன ஒரு பெண்ணின் மேல் போய் விழுந்து, அவளுடைய மகளை வெறுங்கையோடு பஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. பசையாருக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் நாக்கு கசந்தது. அந்த நிமிஷத்தில்கூட மனசின் ஒரு மூலை, ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம்தானே, சும்மா இரு என்று ஓதியது. அந்த மூலையை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அட்டையில் எழுதவிடாமல் பார்த்துக்கொண்டது அதுதான்.

"அம்மா, உக்காருங்க," என்றார். "அதைக் கட்டினது நான்."

இயக்குநர் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"நான்தான் கட்டினேன் சார். வேலைக்குச் சேந்த புதுசுல. தோள்ல மாட்டி அழகு பாத்தேன். கயிறு அறுந்துபோச்சு. பயந்துபோய்க் கட்டிட்டேன். அட்டையில எழுதல." பிறகு நார்க்காரம்மாவிடம் திரும்பினார். "என் கைக்கு வரும்போது வாய் திறந்துதாம்மா இருந்துச்சு. உங்கப்பா கட்டல. யாருமே கட்டல."

நார்க்காரம்மா நின்றபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கை உங்களுக்கு?"

பசையார் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். ஆசிரியரிடம் அடி வாங்க நீட்டுகிற மாதிரி அது தானாகவே நீண்டது.

"அப்போ நீங்களே அவுங்க," என்றார் நார்க்காரம்மா, உட்கார்ந்தார்.

வீட்டில் அவர் அடிக்கிற ஜம்பம் ஒன்று உண்டு. "என் முடிச்சு ஒரே இழுப்புல அவுந்துரும், உனக்கு இழுக்கத் தெரியல" என்று மனைவியிடம் சொல்வார். இழுத்தார். அவிழவில்லை. இருபத்தேழு வருடத்தில் நார் இறுகிப்போயிருந்தது. இழுத்தால் பிய்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஈரப் பஞ்சை அருகில் வைத்து நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, இடுக்கியால் வாலை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலு பேர் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டாமல் இருக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, என் முடிச்சே எனக்கு அவிழவில்லையே என்று தன்னைத்தானே மனசார வைதார்.

"நாப்பத்தி மூணு பக்கம் சார்," என்று முனைவரம்மா முணுமுணுத்தது நடுவில் ஒரு தடவை காதில் விழுந்தது. அவர் நிமிரவில்லை. நிமிர முகம் இல்லை.

கடைசியில் வளையம் நெகிழ்ந்து கயிறு கையில் வந்தது. அவர் விலகி நின்றார். நார்க்காரம்மா பையை எடுத்து, உள்ளே கையை விட்டு, அடியைப் பிடித்து வெளியே புரட்டினார். உள்ளிருந்து என்னவோ விழுந்து மேசையில் உருண்டது.

ஒரு பென்சில். நுனியில் பல் பதிந்த தடம்.

சடங்குக் கோலை எல்லாரும் பார்த்தார்கள். பசையாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முனைவரம்மாவின் உதடு துடித்தது. கோபமோ என்று பார்த்தால், அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஏழு பக்கம் போயே போய்விட்ட சிரிப்பு. பிறகு கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"இந்த முடிச்சை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க சார்?"

"எங்கப்பாகிட்ட. தானியக் கடைல."

"இந்தத் தடவை உண்மைதானே?"

"உண்மைதாம்மா. மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறது அப்புறம். முதல்ல சொல்லுங்க, எத்தனை சுத்து?" என்று எழுத ஆரம்பித்தார்.

நார்க்காரம்மாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அடிச்சுற்றில் விரலை வைத்திருந்தார். ஒன்று, இரண்டு. விரல் அங்கேயே நின்றது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி. அவர் அதற்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.

"போட்டது போட்டதுதான்னுடுவா," என்றார். மருமகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் பையின் அட்டையை எடுத்துப் பசையாரின் முன்னால் வைத்தார். விசாரணை, விளக்கம், எல்லாம் நாளைக்கு வரும், வரட்டும். பசையார் அந்தப் பென்சிலையே எடுத்தார். கூர் மழுங்கியிருந்தாலும் எழுதிற்று. "வாய்க்கயிறு அறுந்தது. அறுத்தது நான். தோளில் மாட்டிப் பார்த்ததால். கட்டியதும் நான், அவிழ்த்ததும் நான்." தேதி இரண்டு போட்டார், நடுவே இருபத்தேழு வருடம். கையெழுத்துப் போடும் இடத்தில் பசையார் என்று எழுத வந்த கையை நிறுத்தி, முழுப்பெயரையும் எழுதினார்.

கையெழுத்துகள் எல்லாம் வாங்கி முடிக்க மூன்று மணி ஆயிற்று. நார்க்காரம்மா அட்டைப்பெட்டி வேண்டாம் என்றுவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர், கண்ணாடிக் கதவின் முன்னால் வந்ததும் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பசையாருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"அத்தே, பாத்து. வார் அறுந்துறப் போகுது," என்றாள் மருமகள்.

எல்லார் பார்வையும் பசையார் மேல் வந்து நின்றது. பழம்பொருளின் பக்கத்தில் நின்று யாராவது தும்மினால்கூடச் சத்தம் போடுகிற ஆள் அவர்.

"அறுந்தா என்னம்மா," என்றார். "கட்டிக்கலாம்."

"நீங்க கட்ட வேண்டாம்," என்றார் நார்க்காரம்மா, கண்ணாடியைப் பார்த்தபடியே. முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பையின் வாயை இரண்டு விரலால் அகலப்படுத்தி விட்டுக்கொண்டார். "அப்பா கட்டாம விட்டது. திறந்தே இருக்கட்டும்."

பசையார் இடக்கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு வழிவிட்டார்.